கஜலக்சுமி முன்பல் கட்டிய கதை

கஜலக்சுமியின் முன்பல்லை உடைத்தது ஒரு பருத்தித்துறை வடை. அது 2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம். போய் வந்தவர்கள் எல்லோரும் பெட்டி நிறையத் தின்பண்டம் கட்டிக்கொண்டு சுவிஸில் எங்கள் வின்டர்தூருக்குத் திரும்பினார்கள். அவளுடைய சின்னம்மா செய்து அனுப்பிய வடைகள் ஒரு பால்மாத் தகரப் பேணியில் வந்து சேர்ந்தன. தட்டையான, மொறுமொறுப்பான, நாட்பட்டாலும் கெடாத வடை. கெடாது என்றால் இளகவும் இளகாது. சனிக்கிழமை மாலை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ஒன்றைக் கடித்தாள். வடை அப்படியே இருந்தது. பல் பாதியாகப் போனது.

நான் அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே இருக்கிறேன். செஞ்சிலுவைச் சங்கத்தில் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதனால் கட்டடத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் என் வீட்டு மணிதான் அடிக்கும். அன்றைக்கும் அடித்தது, கதவைத் திறந்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு கஜலக்சுமி நின்றாள். பின்னால் அவளுடைய கணவர் சச்சிதானந்தன், உடைந்த துண்டை ஒரு கோப்பித் தட்டில் வைத்து, கோயிலில் திருநீறு கொண்டு வருகிறவர் மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார்.

"அக்கா, என்ரை வாழ்க்கை போச்சு."

"வாழ்க்கை போகேல்லை. அரைப் பல்லுத்தான் போயிருக்கு. வாயைத் துற, பாப்பம்."

விளக்குக்குக் கீழே இருத்திப் பார்த்தேன். மேல்வரிசையில் நடுப்பல். முன்பே ஒரு பக்கம் அடைத்திருந்த பல். மற்றப் பக்கம் சாய்வாக முறிந்திருந்தது. விரலால் மெல்ல அசைத்தேன். ஆடவில்லை. இரத்தமும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், ஆனால் கத்தவில்லை.

"வேர் நல்லாத்தான் இருக்கு. திங்கட்கிழமை பல் வைத்தியரிட்டைப் போகலாம். இதுக்கேன் இந்த ஒப்பாரி?"

"அக்கா, அடுத்த கிழமைக்கு அடுத்த திங்கள் நான் கடையிலை முன்னுக்கு நிக்க வேணும்!"

அதை நான் மறந்தே போய்விட்டேன். மறக்கக் கூடாத விஷயம்.

கஜலக்சுமி இந்த நாட்டுக்கு வந்தது எண்பத்தாறில். முதலில் அலுவலகங்கள் துடைத்தாள். பிறகு பழைய நகரத்தில், ரொட்டி சுட்டு விற்கிற ஒரு பாண்கடையின் பின்பக்கத்தில் வேலை கிடைத்தது. விடியுமுன் பின்கதவால் போய், தட்டுகள் கழுவி, தரை துடைத்து, சுட்ட பாணைக் கூடைகளில் அடுக்கி, கடை திறக்கிற நேரத்தில் பின்கதவாலேயே வெளியே வந்துவிடுவாள். அவள் அடுக்கிய பாணை வாங்குகிறவர்களின் முகத்தை அவள் கண்டதில்லை. ஆனால் ஆளுக்கு வாய் ஓயாது. மாவோடு கதைப்பாள், சூட்டடுப்போடு கதைப்பாள். சுடுகிறவரோடு கதைத்துக் கதைத்தே சுவிஸ் ஜெர்மன் பிடித்துவிட்டாள். அதற்கு முந்தின வருடம் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டாள். அந்த வசந்தத்தில் கடைக்காரி திருமதி கெல்லர், முன்னுக்கு நிற்கிற பெண் ஓய்வு பெறுகிறாள், நீ வருகிறாயா என்று கேட்டார். கஜலக்சுமி அன்றைக்கே கோயில் முழுவதும் சொல்லிவிட்டாள். லோசானில் பெரிய கடையொன்றில் நிற்கிற தன் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். வெள்ளை ஏப்ரன், நெஞ்சில் பெயர்ப் பட்டி, முன்கதவால் உள்ளே போவது எல்லாம் அவளுக்குப் பெரிய காரியம். இப்போது நடுப்பல் இல்லாமல் அங்கே நின்று வருகிறவர்களைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

"அரைவாசியாவது வாயை மூடுறதுக்கு ஒரு வழி வந்திருக்கு," என்றார் சச்சிதானந்தன். அவர் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் சமையல். குறைவாகக் கதைப்பார், கதைத்தால் குத்துவார். "மிச்சத்தையும் புடுங்கிவிட்டால் காசும் மிச்சம்."

"புடுங்குவியள்! நான் ரெண்டு நாள் கதைக்காமலிருந்தால் வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கெண்டு நீங்கள்தான் முதல்லை அழுவியள்."

திங்கட்கிழமை பல் வைத்தியரிடம் போனோம். நல்ல மனிதர், சுத்தமான இடம். உடைந்த விளிம்பைத் தேய்த்து மழுக்கி, கூச்சத்துக்கு ஏதோ பூசிவிட்டு, இதற்கு மூடி போடுவதுதான் சரி என்றார். உள்ளே பொன் கலந்த உலோகம், வெளியே பீங்கான். மதிப்பீடு தபாலில் வரும் என்றார். வந்தது. அதைப் பார்த்த கஜலக்சுமி கதிரையில் இருந்துவிட்டாள். அவளுடைய ஒரு மாதச் சம்பளம் முழுக்கப் போனாலும் போதாது.

"காப்புறுதி கட்டுந்தானே அக்கா? மாசாமாசம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் குடுக்கிறமே."

இந்த நாட்டில் மருத்துவக் காப்புறுதி பல்லுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"ஏன், பல்லு உடம்பிலை இல்லையோ? அது என்ன, சட்டைப் பொத்தானோ?"

ஆனால் விபத்து என்றால் வேறு. வேலை செய்கிறவர்களுக்கு விபத்துக் காப்புறுதி இருக்கிறது. விபத்தில் உடைந்த பல்லுக்கு அது கொடுக்கும். நான் தொலைபேசியில் கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள். சாப்பாட்டுக்குள் இருக்கக் கூடாத பொருள் ஏதாவது இருந்ததா? ஒரு கல், கொட்டை ஓட்டுத் துண்டு, அப்படி ஏதாவது? இருந்தால் விபத்து. சாப்பாடே கடினமானது என்றால் விபத்து அல்ல.

நான் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு கஜலக்சுமியிடம் கேட்டேன். "வடையிலை கல்லுக் கிடந்ததோ?"

"கல்லோ? எங்கடை வடையிலையோ?"

சச்சிதானந்தன் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார். "கிடந்ததெண்டு சொல்லும். ஒரு சின்னக் கல்லு. ஆருக்குத் தெரியப் போகுது?"

"சின்னம்மா உளுந்து அரிச்சால் அதிலை தூசும் நிக்காது. அவ கல்லோடை வடை தட்டினவ எண்டு சுவிஸ்காரனுக்கு நான் எழுதிக் குடுக்கவோ? செத்தாலும் மாட்டன்."

"அவவுக்கு இது எங்கை தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

நானும் பொய் சொல்லச் சொல்லவில்லை. இல்லாத கல்லை இருக்கென்று சொன்னால் அது களவு. அவள் மறுத்தது அதற்காக அல்ல, வடையின் மானத்துக்காக. காரணம் எதுவானாலும் முடிவு சரிதான். கல் இல்லை என்று சொன்னேன். அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தாள். வடை செய்வது எப்படி என்றும் கேட்டாள். சொல்லிவிட்டு வைத்தேன்.

இனி என்ன வழி? சூரிச்சில் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படிக்கிற மாணவர்கள் குறைந்த செலவில் செய்து தருவார்கள். ஆனால் வரிசை நீளம், நமக்கு இருந்ததோ ஒரு கிழமை. கொழும்புக்குப் போய்க் கட்டலாம் என்றார் சச்சிதானந்தன். விமானச் சீட்டை யார் கட்டுவது? என்னோடு வேலை செய்த ஒருத்தி எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில் கொன்ஸ்தான்ஸ் நகரத்தில் பல் கட்டியிருந்தாள். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். சுவிஸ் கடவுச்சீட்டு இருப்பதால் இவளுக்கு விசாவும் தேவையில்லை. அங்கே தொலைபேசி எடுத்தேன். மதிப்பீட்டைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றார்கள். வியாழக்கிழமை நேரம் கிடைத்தது.

 ரயிலில் அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பயம் என்று நினைத்தேன். விறைப்பு ஊசி போட்டால் ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். தலையாட்டினாள்.

கொன்ஸ்தான்ஸ் நிலையத்தில் எல்லைக் காவலர் ஒருவர் கடவுச்சீட்டுகளைப் பார்த்தார். என்ன விஷயமாகப் போகிறீர்கள் என்று கேட்டார்.  இவள் வாயைத் திறந்து உடைந்த பல்லைக் காட்டினாள். அந்த மனிதர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, போங்கள் போங்கள் என்று கையை அசைத்தார்.

பல் வைத்தியர் டொக்டர் லாங்கே ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், கட்டை முடி, ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து. பல்லைப் பார்த்தார், படம் எடுத்தார், நாங்கள் கொண்டுபோன மதிப்பீட்டைப் படித்தார். மூடி போடலாம் என்றார். தன் விலையைச் சொன்னார். வின்டர்தூரை விடக் குறைவு. ஆனாலும் கஜலக்சுமிக்கு அது எட்டாத விலைதான். அதோடு செய்து முடிக்க இரண்டு கிழமைக்கு மேல் ஆகும். திங்கட்கிழமை போய்விடும்.

அப்போது கஜலக்சுமி சாய்கதிரையில் எழுந்திருந்து கைப்பையைத் திறந்தாள். ஒரு துணி லேஞ்சியை எடுத்து விரித்தாள். அதற்குள் உடைந்த காப்புத் துண்டுகள் இரண்டும் சோடி இல்லாத ஒரு தோடும் இருந்தன.

"அக்கா, அந்த மதிப்பீட்டுக் கடதாசியிலை பொன்னுக்கெண்டு தனியா விலை போட்டிருக்கு. நான் வாசிச்சனான். பொன் என்னட்டை இருக்கு. கூலி மட்டும் எவ்வளவெண்டு கேளுங்கோ."

எனக்குக் காது சூடாகியது. "உனக்கு விசரே? இது பத்தற்றை கடையில்லை."

"கேளுங்கோ அக்கா. கேட்டால் மற்றப் பல்லையும் உடைக்கப் போறாவே?"

எங்கள் ஊரில் நகை அப்படித்தான் செய்விக்கிறது. பொன்னை நாங்கள் கொடுப்போம், பத்தர் செய்து தருவார், கூலி வாங்குவார். ஆனால் வைத்தியரிடம் போனால் அவர் சொன்னதுதான் விலை. தலையைக் குனிந்து கொடுத்துவிட்டு வருவோம். அந்த மரியாதை இவளுக்குத் தெரியாமலில்லை. பொன் என்ற சொல்லைக் கடதாசியில் கண்டதும் வைத்தியர் அவளுக்குப் பத்தராகிவிட்டார், அவ்வளவுதான்.

மொழிபெயர்த்தேன். டொக்டர் லாங்கே காப்புத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அழகான வேலை என்றார். இந்தப் பொன் மிகவும் மெது, பல்லில் வைத்தால் கடிக்கிற கடியில் நசிந்துவிடும். பல்லுக்கு வேறு உலோகங்கள் கலந்த பொன்தான் வேண்டும், அதற்குச் சான்றிதழும் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். லேஞ்சியைத் திருப்பித் தந்தார்.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவளுக்கு அது தொடக்கம்.

"சரி, பொன் அவவின்ரையாவே இருக்கட்டும். அப்ப கூலி என்ன, பொன் என்ன, சேதாரம் என்ன? தனித்தனியாப் பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ."

சேதாரத்துக்கு என்னிடம் ஜெர்மன் சொல் இருக்கவில்லை. அராவும்போது உதிர்கிற பொன் யாருடையது என்று கேட்கிறாள் என்று விளக்கினேன். டொக்டர் பின்னறையில் பல் செய்கிற மனிதரைக் கூப்பிட்டார். மீசையெல்லாம் பீங்கான் மாவோடு அவர் வந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். தூளைக் கூட்டி எடுத்து ஒரு போத்தலில் சேர்த்து வைப்போம், நிறைந்ததும் விற்போம் என்றார்.

"பாத்தீங்களே அக்கா! எல்லா ஊரிலையும் பத்தர் பத்தர்தான்!"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சிரித்தார். டொக்டர் ஒரு தாளை எடுத்துப் பிரித்து எழுதினார். பொன் அப்படியொன்றும் பெரிதில்லை. பெரிய பங்கு இந்த மீசைக்காரரின் கைவேலைக்குத்தான். கஜலக்சுமி எட்டிப் பார்த்தாள்.

"அப்ப கூலிதான் கூட. கூலி குறைஞ்ச வேலை ஒண்டும் இல்லையோ? பூவேலை இல்லாமல், வெறும் முறுக்குக் காப்பு மாதிரி?"

கேட்டேன். வெட்கத்தை அதற்குள் நான் விட்டிருந்தேன். முறுக்குக் காப்பையும் விளக்கினேன்.

டொக்டர் லாங்கே பேனையைக் கீழே வைத்தார். "இருக்கிறது," என்றார். வெள்ளைப் பசை போன்ற ஒரு பொருள். அதைப் பல்லின் மேல் அடுக்கடுக்காக வைத்து உருவாக்கி, நீல வெளிச்சம் காட்டினால் இறுகிவிடும். பின்னறை வேலையே இல்லை. இந்தக் கதிரையிலேயே, இன்றைக்கே முடியும். விலை மூடியில் கால்பங்குக்கும் கீழே. "ஆனால் மூடியளவு பலமில்லை. சில வருடம் நிற்கும். ஓரம் உதிரலாம், நிறம் மங்கலாம். அப்போது மூடி போடலாம்."

"இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று நான் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டிருப்பேன்.

"மூடிக்கான மதிப்பீட்டோடு வந்து, இதற்கு உங்கள் விலை என்ன என்று கேட்டீர்கள். விலை சொன்னேன்."

அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. வின்டர்தூர்க்காரரும் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த நல்லதைச் சொன்னார். அதற்கு அடுத்ததாக நல்லது எது என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. முதியோர் இல்லத்தில் எத்தனை பேரை வைத்தியரிடம் கூட்டிப் போயிருப்பேன், நானும் கேட்டதில்லை. அன்றிலிருந்து கேட்கிறேன்.

"என்ன கஜலக்சுமி, பசையோ மூடியோ? பிறகு உடைஞ்சால் என்னட்டை வந்து அழக் கூடாது."

"பசை காணும் அக்கா. சில வருசத்துக்குப் பிறகு நான் முன்னுக்கு நிண்டு உழைச்ச காசிலை மூடி போடுறன்."

நிறம் பார்க்க ஒரு கோர்வை கொண்டுவந்தார்கள். விதவிதமான நிறத்தில் சின்னச் சின்னப் பற்கள். டொக்டர் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். இவள் அதற்கு நான்கு தள்ளி இருந்த பளீர் வெள்ளையைக் காட்டினாள்.

"இதைப் போடச் சொல்லுங்கோ."

"ஒரு பல்லு மட்டும் அப்பிடியிருந்தால் றோட்டு லைற் மாதிரி இருக்கும். பேசாமல் இரு."

ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு அவளால் கதைக்க முடியவில்லை. இவ்வளவு காலத்தில் அவளோடு ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான். நான் ஒரு சஞ்சிகை முழுவதும் வாசித்து முடித்தேன்.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அவள் பார்த்தாள். கிட்டப் பிடித்துப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எந்தப் பல் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. நல்ல வேலை. டொக்டர் கட்டளைகள் சொன்னார்: முன்பல்லால் எதையும் கடித்து இழுக்கக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது, ஆறு மாதத்தில் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். நான் எல்லாவற்றையும் இரண்டு முறை தமிழில் சொன்னேன்.

காசைக் கொடுக்கிற இடத்தில், விறைத்த உதட்டோடு அவள் என் காதில் ஏதோ சொன்னாள். கடைசிச் சில்லறையை விடச் சொல்லிக் கேட்கட்டாம்.

"கேட்க மாட்டன்," என்றேன். எதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் மேசையிலிருந்த பெண், என்ன கேட்கிறார் என்றாள். பொய் சொல்ல மனம் வரவில்லை, சொன்னேன். அவள் உள்ளே போய் வந்து, சில்லறையை விட முடியாது என்று சொல்லி, இரண்டு புதுப் பல் தூரிகைகளைத் தந்தாள். கஜலக்சுமி ஒன்றை எனக்குத் தந்தாள். நான் அவளோடு கூட வந்ததற்குக் கூலியாம்.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போனேன். பார்க்க வேண்டும் என்றுதான் போனேன், பாண் வீட்டில் இருந்தது.

முன்னுக்கு நின்றாள். வெள்ளை ஏப்ரன், பெயர்ப் பட்டி, வாரி முடித்த கொண்டை, சின்னப் பொட்டு. எல்லாம் சரி. முகம் மட்டும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் காணாத மாமியார் மாதிரி இருந்தது. வாயைத் திறக்கிறாளில்லை. வருகிறவர்களுக்குத் தலையாட்டுகிறாள், சுட்டிக் காட்டியதை எடுத்துக் கொடுக்கிறாள், உதட்டை அசைத்தும் அசைக்காமலும் விலை சொல்கிறாள். பல் கழன்று கோதுமைப் பாணுக்குள் விழுந்துவிடும் என்ற பயம். என்னை முன்பே அறிந்த கடைக்காரி திருமதி கெல்லர் என் அருகில் வந்து மெல்லக் கேட்டார்.

"அவருக்கு உடம்பு சரியில்லையா? பின்னால் இருந்தபோது நன்றாகக் கதைப்பாரே. இப்படி நின்றால் வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள்."

பல் கட்டியாயிற்று, காசு கொடுத்தாயிற்று. இதற்குப் பிறகும் இந்த இடம் போனால் அது பல்லின் பிழையல்ல. நான் வரிசையில் சேர்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாத்தா, பின்னால் அலுவலகத்துக்கு ஓடுகிற இரண்டு பேர். என் முறை வந்தது. நான் யாரோ போலச் சுத்தமான ஜெர்மனில் கேட்டேன்.

"மன்னிக்க வேண்டும், இந்தப் பாண் இன்றைக்குச் சுட்டதா? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே."

அவளுடைய கண் பெரிதாகியது. விடியற்காலையில் அவளே அடுக்கிய பாண். மூக்கு விடைத்தது. பொறுக்க முடியவில்லை, தமிழில் பாய்ந்தாள்.

"அக்கா! இந்தப் பாண் உங்களை விடப் புதுசு!"

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டு, வெடித்துச் சிரித்தாள். வாய் நிறைய, பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். ஒரு பல்லும் விழவில்லை. மொழி விளங்காமலே பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பாணைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற தாத்தா திரும்பி, என்ன சொன்னீர்கள் அந்த அம்மாவுக்கு என்று கேட்டார்.

கஜலக்சுமி ஏப்ரனை நேராக்கினாள். அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தபடி சுவிஸ் ஜெர்மனில் சொன்னாள். "நல்ல பாண் என்று சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது, இரண்டு எடுக்கிறார்."

இரண்டையும் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். நான் காசைக் கொடுத்தேன். அவள் அதற்குள் அடுத்தவரோடு கதைக்கத் தொடங்கியிருந்தாள்.